ஆளைப் பார்த்து வில்

வந்ததும் வராததுமாக அந்தத் தகப்பனார் விலையைத்தான் கேட்டார். மேசைக்குப் பின்னால் நின்றவர் விலை சொல்லவில்லை. "சார், மொதல்ல தம்பிய அந்த செவுத்துல முதுக ஒட்டி நிக்கச் சொல்லுங்க. ரெண்டு கையும் நல்லா விரிக்கட்டும்" என்றார்.

செங்கல்பட்டுப் பக்கம் ஒரு வில்வித்தைத் திடலை ஒட்டிப் போட்ட தகரக் கொட்டகை அது. நீள மேசை, அதன் முனையில் ஒரு வைஸ், சுவரில் ஆணியடித்து மாட்டிய விற்கள், மூலையில் இறகு ஒட்டக் காத்திருக்கும் அம்புக் கட்டுகள். திடலில் எல்லோரும் அவரை "அண்ணே" என்றுதான் கூப்பிடுகிறார்கள். பயிற்சியாளரைவிட வயதில் மூத்தவர். வில் விற்பது அவருக்குப் பக்கத் தொழில். வில்லை ஆளுக்குப் பொருத்தித் தருவதுதான் முதன்மை வேலை. அதைப் பார்க்கத்தான் நான் போயிருந்தேன்.

பையனுக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். ஒரு கை நடுவிரல் நுனியிலிருந்து மறு கை நடுவிரல் நுனி வரை டேப் பிடித்தார்: 62 அங்குலம். அதை இரண்டரையால் வகுத்தால் ஏறக்குறைய 25. அந்தப் பையன் நாணை எவ்வளவு தூரம் இழுப்பான் என்பதற்கான முதல் மதிப்பு அது. ஆனால் அதை அவர் நம்பிவிடவில்லை. அங்குலக் கோடு போட்ட ஒரு நீள அம்பையும் மிக லேசான ஒரு வில்லையும் கொடுத்து, மெதுவாக இழுக்கச் சொல்லிப் பார்த்தார். தோள் தூக்கிக்கொண்டது. "தோளக் கீழ விடு தம்பி... ம், இப்ப பாரு." அளவு அரை அங்குலம் மாறியது.

அடுத்தது கண். இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து நடுவில் சின்ன ஓட்டை விட்டு, அதன் வழியே தூரத்து இலக்குப் பலகையைப் பார்க்கச் சொன்னார். பார்வையை எடுக்காமல் கைகளை முகத்தருகே கொண்டுவரச் சொன்னார். ஓட்டை தானாக இடது கண்ணுக்கு வந்து நின்றது. மறுபடியும் செய்தான், மறுபடியும் இடது கண்தான். தகப்பனாருக்கு ஏமாற்றம். "எழுதறது, சாப்பிடறது, பந்து போடறது எல்லாமே வலது கைதாங்க."

"இருக்கட்டும் சார். குறி பாக்கறது கண்ணுதானே? பழகி முடிச்சவனா இருந்தா மாத்தச் சொல்ல மாட்டேன். இவன் இன்னைக்குத்தான் ஆரம்பிக்கிறான். இடது கைக்காரங்க வில்லே எடுத்துக்கலாம்."

அதாவது, வில்லை வலது கையில் பிடித்து நாணை இடது கையால் இழுப்பது. வலது கை வில்லோடு போயிருந்தால் ஒவ்வொரு முறையும் ஒரு கண்ணை மூடிக்கொண்டோ கழுத்தை ஒடித்துக்கொண்டோ குறி பார்த்திருப்பான். 'பையனுக்குக் குறியே வரவில்லை' என்று ஆறு மாதத்தில் வீட்டுக்கு அழைத்துப் போயிருப்பார்கள்.

உண்மையான வாக்குவாதம் பவுண்டில்தான் வந்தது. அடுக்ககத்தில் இன்னொரு பையன் 30 பவுண்டு வில் வைத்திருக்கிறானாம். 'வளர்ற பையன்தானே' என்று சீருடையை இரண்டளவு பெரிதாகத் தைப்பதுபோல, வில்லையும் பெரிதாகவே வாங்கிவிடலாம் என்பது அப்பாவின் கணக்கு. அண்ணன் ஒரு லிம்பை எடுத்து அதன் அடியில் அச்சிட்டிருந்த எண்ணைக் காட்டினார். லிம்ப் என்பது வில்லின் வளையும் கை. நடுவில் இருக்கும் பிடிச் சட்டம் ரைசர். ஒலிம்பிக் வகையான ரீகர்வ் வில்லில் இவை தனித்தனியாகக் கழன்று வரும். லிம்பில் போட்டிருக்கும் பவுண்டு, 28 அங்குலம் இழுத்தால் வரும் விசை. இழுப்பு ஓர் அங்குலம் குறைந்தால் ஏறத்தாழ இரண்டு பவுண்டு குறையும். 30 என்று எழுதிய லிம்ப் 25 அங்குலம் இழுப்பவனிடம் 24 அளவில்தான் இருக்கும்.

"அப்ப லேசாத்தானே ஆயிடுது?" என்றார் தகப்பனார், பிடி கிடைத்த மாதிரி.

அண்ணன் வாதாடவில்லை. அப்படியொரு வில்லை நாணேற்றிப் பையன் கையில் கொடுத்தார். பையன் முழுக்க இழுத்துவிட்டான். பிடித்து நிறுத்த முடியவில்லை. முழங்கை நடுங்கியது, இடுப்பு பின்னால் வளைந்தது, நாண் தாடையைத் தொடாமலே முன்னால் நழுவப் பார்த்தது. அண்ணன் கை சட்டென்று நாணைப் பிடித்துக்கொண்டது. அம்பில்லாமல் நாணை விட்டால் அம்புக்குப் போக வேண்டிய விசை முழுவதும் லிம்புக்கே திரும்பி அதை உடைத்துவிடலாம். பிறகு 18 என்று போட்ட லிம்ப். தாடைக்கடியில் நாணை வைத்து, பத்து எண்ணும் வரை அசையாமல் நின்றான். "இதுதான் இவன் வில்லு. ரைசர் அப்படியே இருக்கட்டும், வளர வளர லிம்ப மட்டும் மாத்திக்கலாம்."

இந்த மாற்றும் வசதி வெவ்வேறு நிறுவனங்களின் பொருளுக்குள்ளும் உண்டு. ஐ.எல்.எஃப் என்ற பொதுப் பொருத்து முறை வந்த பிறகு அமெரிக்க ரைசரில் கொரிய லிம்பை மாட்டலாம். நீளமும் அப்படித்தான் அமைகிறது: 25 அங்குல ரைசரில் நடுத்தர லிம்ப் மாட்டினால் 68 அங்குல வில், குட்டை லிம்ப் என்றால் 66, நீள லிம்ப் என்றால் 70. இந்தப் பையனுக்கு 23 அங்குல ரைசரில் குட்டை லிம்ப், மொத்தம் 64.

வாங்குவது அதோடு முடிந்தது. என்னைக் கேட்டால் தொழில் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

கொட்டகையின் மறுபக்கம் ஓர் அக்கா நாண் திரிக்கிறார். இரும்புச் சட்டத்தின் இரு முனைக் கொக்கிகளுக்கிடையே இழையைச் சுற்றிச் சுற்றி, பதினாறு இழை சேர்ந்ததும் முனைக் கண்களையும் அம்பு மாட்டும் நடுப்பகுதியையும் வேறு நூலால் இறுக்கிச் சுற்றுகிறார். மெழுகைத் தேய்த்துத் தோல் துண்டால் உருவினால் இழைகள் ஒன்றாகிவிடும். நாணேற்றிய வில்லில் பிடிக்கும் நாணுக்கும் உள்ள இடைவெளி ஒரு குறிப்பிட்ட அளவில் இருக்க வேண்டும். 68 அங்குல வில்லுக்கு எட்டே முக்கால், ஒன்பது அங்குலம் என்ற வாக்கில் வரும். கூட்ட வேண்டுமானால் நாணை இன்னும் சில முறுக்கு முறுக்குவார்கள். குறைக்க, முறுக்கைப் பிரிப்பார்கள். அளவுகோல் பக்கத்திலேயே கிடக்கிறது. ஆனால் அக்கா ஓர் அம்பை விடச் சொல்லிக் காதைத்தான் கொடுக்கிறார். "கரகரன்னா இன்னும் நாலு முறுக்கு. அமுங்கின சத்தம் வந்தா விட்டுரலாம்."

அன்று அண்ணன் மேசையில் இருந்தது ஒரு கல்லூரி மாணவியின் வில். மாநிலப் போட்டிக்குப் போகிற பெண். வில்லின் மேல் லிம்பும் கீழ் லிம்பும் ஒரே அளவு விறைப்பாக இருக்காது என்பது எனக்குப் புதிய செய்தி. நாணை இழுக்கும்போது அம்புக்கு மேலே ஒரு விரல், கீழே இரண்டு விரல். கீழே சுமை கூடுவதால் கீழ் லிம்பைச் சற்று விறைப்பாக வைப்பார்கள். நாணிலிருந்து ரைசருக்குள்ள தூரம் மேலே சில மில்லிமீட்டர் கூடுதலாக இருக்கும். ஆலன் கீயைக் கால் திருகு திருப்பினார், அளந்தார், பாதி திருகைத் திரும்ப எடுத்தார். இதற்கே நேரம் போய்விட்டது.

பிறகு அம்பு. நாணிலிருந்து விடுபட்டதும் அம்பு நேராகப் போவதில்லை. மீன் நெளிவதுபோல நெளிந்து வில்லைச் சுற்றிக்கொண்டு போகிறது. எவ்வளவு நெளியும் என்பதற்கு ஓர் எண் உண்டு. 28 அங்குல இடைவெளியில் இரு தாங்கிகள் மேல் அம்புத்தண்டை வைத்து நடுவில் 880 கிராம் எடையைத் தொங்கவிட்டால் எத்தனை அங்குலம் தொய்கிறதோ, அதை ஆயிரத்தில் சொல்வார்கள். அரை அங்குலம் தொய்ந்தால் 500. எண் பெரிதானால் அம்புக்கு விறைப்பு குறைவு. வில்லின் விசை ஏறினால் விறைப்பான அம்பு வேண்டும்; அம்பைக் குட்டையாக வெட்டினால் அதுவே விறைத்துவிடும். பக்கத்து வீட்டுப் பையன் அம்பு நம் பையனுக்கு ஆகாது என்பது இதனால்தான்.

சரிபார்க்க இறகில்லாத அம்பை விடுகிறார்கள். இறகு, பறக்கும்போது பிழையைத் திருத்திவிடும்; இறகில்லாததோ உள்ளதை உள்ளபடி காட்டும். அந்தப் பெண் முதலில் இறகுள்ள அம்புகளை மஞ்சள் வட்டத்தில் சேர்த்து வைத்தாள். அடுத்து விட்ட மொட்டை அம்புகள் இரண்டும் இடப்பக்கம் ஒதுங்கி, கொஞ்சம் மேலேயும் ஏறி நின்றன. "அம்பு வெறப்பா இருக்கு. நாக் எடம் கீழ இருக்கு" என்றார் அண்ணன், பலகைப் பக்கம் போகாமலே. வலது கையால் இழுப்பவருக்கு இடப்பக்கம் ஒதுங்கினால் விறைப்பு. இடது கைக்காரருக்குத் தலைகீழ். நாணில் அம்பு மாட்டும் இடத்தைக் குறிக்கும் நூல் கட்டை ஒரு மயிரிழை மேலே நகர்த்தினார். அம்பின் பக்கவாட்டில் முட்டுக் கொடுக்கும் பிளஞ்சரின் ஸ்பிரிங்கை இளக்கினார். மறுபடி விட்டாள். நெருங்கியது, சேரவில்லை. வெயில் ஏறும் வரை இதே வேலை.

இவ்வளவுக்கும் கூலி என்று கேட்டால் பெரும்பாலோர் முகம் சுளிக்கிறார்களாம். "பொருளுக்கு லட்சம் குடுப்பாங்க. கைக்கு ஐந்நூறு கேட்டா, சும்மா திருகித்தானே குடுத்தீங்கன்னுவாங்க." போட்டிக்கான முழுத் தொகுப்பு லட்சங்களைத் தாண்டும் இன்றைய விலையில் இந்தக் கஞ்சத்தனம் எனக்கு விளங்கவில்லை. இணையத்தில் வாங்கிப் பெட்டி பிரிக்காமலே இவரிடம் வரும் விற்களில் பாதி, வாங்கியவரின் கைக்கு மாறானவை, அல்லது இழுக்க முடியாதவை.

விலை உயர்ந்த வில்தான் வீரரை உண்டாக்கும் என்பவர்களுக்கு நம் நாட்டிலேயே பதில் இருக்கிறது. ராஞ்சிப் பக்கத்து தீபிகா குமாரி தொடங்கியது மூங்கில் வில்லில். ஜம்மு-காஷ்மீரின் கிஷ்த்வாரிலிருந்து வந்த சீத்தல் தேவிக்கு இரண்டு கைகளும் இல்லை. வலது காலால் வில்லைப் பிடித்து, வலது தோளில் நாணை மாட்டி இழுத்து, தாடையின் அசைவால் விடுகிறார். 2023இல் ஹாங்சோ ஆசியப் பாரா விளையாட்டில் இரண்டு தங்கம், 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் ராகேஷ் குமாருடன் கலப்பு அணி வெண்கலம். அவர் உடலை எந்த அட்டவணையிலும் தேட முடியாது. பயிற்சியாளர்கள் வில்லைத்தான் அவருக்கு ஏற்றபடி மாற்றினார்கள். அண்ணன் கொட்டகைச் சுவரில் ஒட்டியிருக்கும் ஒரே படம் சீத்தலுடையது.

சீத்தல் பயன்படுத்துவது உருளைகள் வைத்த காம்பவுண்ட் வில். அதில் இழுப்பு நீளம் உருளையிலேயே கட்டப்பட்டிருப்பதால் அரை அங்குலம் தப்பினாலும் நிற்கும் நிலையே கெடும். இரவல் வாங்கிப் பழகவே கூடாத வில் அது. 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் காம்பவுண்ட் கலப்பு அணிப் போட்டி முதன்முதலாக வருகிறது. இனி அதற்குக் கூட்டம் கூடும்.

பிள்ளைக்கு வில் வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். பிள்ளையை உடன் அழைத்துப் போங்கள். கண்ணையும் கை நீளத்தையும் பார்க்காமல் விலை சொல்லும் கடையிலிருந்து வெளியே வந்துவிடுங்கள். முதல் ஆண்டு லேசான லிம்ப் போதும். அம்பை இழுப்பைவிட இரண்டு அங்குலம் நீளமாகவே விட்டு வையுங்கள். வாங்கிய வில்லை நம் ஊர் வெயிலில் காரின் டிக்கியில் போட்டுப் பூட்டாதீர்கள், லிம்பின் பசை விட்டுப்போகும். பொருத்திக் கொடுப்பவர் கூலி கேட்டால் பேரம் பேசாமல் கொடுங்கள்.