பூச்சியத்தின் பங்கு

இருட்டில் இரண்டு கைவிளக்குகளின் ஒளிக்கற்றைகளைக் குறுக்காகப் பாய்ச்சினால், அவை ஒன்றையொன்று அறியாதவைபோலக் கடந்து செல்கின்றன. ஒளி எதனோடும் கலவாதது என்று நாம் நம்பத் தலைப்படுவது இதனால்தான். பருப்பொருளுக்குள் அது அவ்வளவு தனித்ததன்று.

காந்தப்புலம் ஒளியின் அதிர்வுத் தளத்தைத் திருப்புவதை 1845இல் மைக்கேல் ஃபாரடே கண்டார். மின்புலத்திலும் அத்தகைய விளைவைத் தேடினார், கிட்டவில்லை. 1875இல் அதைக் கண்ணாடியில் கண்டவர் ஜான் கெர். கிளாஸ்கோவின் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரி ஒன்றில் கணிதம் கற்பித்தவர். மின்புலத்துக்கு ஆட்பட்ட கண்ணாடி, ஒளியின் இரு அதிர்வுத் திசைகளுக்கு இருவேறு வேகங்களை அளித்தது.

லேசர் வந்தபின் கதை மேலும் விரிந்தது. 1961இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஃபிராங்கனும் தோழர்களும் 694 நானோமீட்டர் செவ்வொளியைக் குவார்ட்ஸில் செலுத்தி, இருமடங்கு அதிர்வெண் கொண்ட 347 நானோமீட்டர் புறஊதா ஒளியைப் பெற்றனர். கால்சைட் போன்ற, மையச் சமச்சீருடைய படிகங்களில் இது மிகச் சொற்பமாகவே நிகழும். அங்கே எலெக்ட்ரான்கள் முன்னும் பின்னும் ஒரே அளவில் ஊசலாடுவதால் இருமடங்கு அதிர்வு எழ வழியில்லை. 1962இல் ஃபோர்டு ஆய்வகத்தில் டெர்ஹூன், மேக்கர், சாவேஜ் ஆகியோர் கால்சைட்டின்மீது நிலையான மின்புலத்தைச் செலுத்தினர். புதிய ஒளி பெருகியது. புலம் எலெக்ட்ரான்களை ஒருபுறம் சற்றே இழுத்துவைக்க, ஊசல் சமனிழந்தது. அச்சமனின்மையிலிருந்தே இருமடங்கு அதிர்வு பிறந்தது. புலத்தால் விளையும் அவ்வொளி, புலத்தை இரட்டித்தால் நான்கு மடங்காகும்.

நம்மை நெடுநேரம் நிறுத்திவைத்தது இதன் கணக்குதான். ஒளியின் அதிர்வெண், மீண்டும் அதே அதிர்வெண், அத்துடன் பூச்சியம், கூட்டினால் இருமடங்கு. அசையாத புலத்தின் அதிர்வெண் பூச்சியம். புதிய ஒளியின் ஆற்றல் முழுவதும் லேசர் தந்ததே. கூட்டலில் பூச்சியம் எதையும் சேர்க்கவில்லை. ஆயினும் அது விலகினால் விடை ஏறத்தாழ மறைந்துவிடுகிறது.

வாசிப்புக் கூட்டங்களில் ஒரு சொல்லும் பேசாது அமர்ந்திருப்பவரை நாம் அறிவோம். அவர் முன்னிலையில் பேசுவோர் தம் சொற்களைச் சற்றே சாய்த்துப் பேசுகின்றனர். அவர் வராத நாளில் விவாதம் முன்னும் பின்னும் ஆடிப் புறப்பட்ட இடத்திலேயே நின்றுவிடுகிறது. கூட்டக் குறிப்பில் பேசியவர்களின் பெயர்களை மட்டுமே எழுதுகிறோம். நம் குடும்பக் கதைகளும், ஏன், இலக்கிய வரலாறுகளும்கூட அவ்வாறே எழுதப்படுகின்றன.

இயற்பியலர் இவ்விடத்தில் நம்மினும் நேர்மையானவர்கள். இவ்விளைவின் குறியீட்டை எழுதும்போது, இரண்டு அதிர்வெண்களுக்கு அருகே அந்தப் பூச்சியத்தையும் தவறாமல் எழுதிவைக்கிறார்கள்.