அம்மாவோடு இருந்த அம்மை

வலது விலாவில் எரிகிறது என்று அம்மா ஒரு வெள்ளிக்கிழமை சொன்னார். வாயுப் பிடிப்பாக இருக்கும் என்று நான் தைலம் தேய்த்துவிட்டேன். ஞாயிறு காலையில் பார்த்தால், முதுகிலிருந்து மார்பு வரை பட்டையாகச் சிவந்து, நீர் கோத்த கொப்புளங்கள்.

பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி பயந்துவிட்டார். “இது பாம்பு. தலையும் வாலும் சேரக்கூடாது” என்றார். அம்மாவோ, “இது அக்கிடா. காவி எழுதினா இறங்கிடும்” என்றார். பழைய தோட்டத்து உறவினர் ஒருவர் வந்து காவிக்கல்லை உரைத்து எழுதிவிட்டுப் போனார். அம்மாவின் மனம் நோகவேண்டாம் என்று நானும் பேசாமல் இருந்தேன். இருபத்தைந்து ஆண்டுகள் இடைநிலைப்பள்ளியில் உயிரியல் கற்பித்தவன் நான்.

வியாழக்கிழமை வலியில் அம்மா தூங்கவே இல்லை. கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். “கொப்புளம் வந்து எத்தனை நாள்?” என்று டாக்டர் கேட்டார். நான்கு நாள் என்றேன். “மூணு நாளுக்குள்ள வந்திருக்கலாமே, சார்” என்றபடி அசைக்ளோவிர் மாத்திரை எழுதினார்.

அந்த மூன்று நாள் கணக்கு ஏன் என்பது எனக்குத் தெரியும். அதுதான் உறுத்துகிறது.

ஏழு வயதில், தோட்டத்து லயத்தில், அம்மாவுக்கு அம்மை போட்டிருக்கிறது. வேப்பிலைப் படுக்கை, தலைக்குத் தண்ணீர் எல்லாம் முடிந்து அம்மை இறங்கியது. ஆனால் வைரஸ் போகவில்லை. நரம்பு வழியாக ஏறி, முதுகெலும்பை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் தங்கிவிட்டது. நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அது அம்மாவோடு இருக்கிறது.

அதற்கு ஏறக்குறைய 70 மரபணுக்கள் உண்டு. தூங்கும்போது பெரும்பாலும் எல்லாமே மூடிக் கிடக்கும். நம்முடைய டிஎன்ஏ எந்தப் புரதங்களில் சுற்றி வைக்கப்பட்டிருக்கிறதோ, அதே புரதங்களில் வைரஸின் டிஎன்ஏவும் இறுகச் சுற்றிக்கொள்கிறது. காவலுக்கு நம் எதிர்ப்புச் சக்தி இருக்கிறது. வயது ஏற ஏற அந்தக் காவல் தளர்கிறது.

விழிக்கும்போதும் எல்லா மரபணுவும் ஒன்றாக விழிப்பதில்லை. தோட்டத்தில் பெரட்டுக்கு முதலில் எழுபவர் கங்காணி. அவர் எழுப்பினால்தான் மரம் வெட்டுபவர்கள் எழுவார்கள். அவர்கள் பால் எடுத்தால்தான் ஆலையில் வேலை. வைரஸிலும் அப்படித்தான். முதல் வரிசை மரபணுக்கள் மற்றவற்றை எழுப்பும். இரண்டாம் வரிசை டிஎன்ஏவைப் படியெடுக்கும். மூன்றாம் வரிசை மேலுறையைச் செய்யும். உதட்டில் கொப்புளம் உண்டாக்கும் இதே குடும்பத்து வைரஸில், இந்த வரிசையை 1974இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஹோனெஸ், ரோய்ஸ்மன் இருவரும் விளக்கினார்கள்.

அசைக்ளோவிர் உருவாகக் காரணமான ஆய்வுக்குழுவை வழிநடத்தியவர் கெர்ட்ரூட் எலியன். 1988இல் நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவர். இந்த மருந்து உடலுக்குள் போனவுடன் வேலை செய்யாது. வைரஸின் இரண்டாம் வரிசையிலிருந்து வரும் ஒரு நொதிதான் அதற்கு உயிர் கொடுக்கிறது. பிறகு மருந்து, வைரஸ் படியெடுப்பதை நிறுத்துகிறது. தூங்கும் வைரஸ் அந்த நொதியைச் செய்வதில்லை. அதனால் மருந்து அதைத் தொடாது. படியெடுப்பு மும்முரமாக நடக்கும் தொடக்க நாள்களில்தான் மாத்திரையின் பலன் அதிகம்.

கொப்புளங்கள் மூன்று வாரத்தில் காய்ந்தன. எட்டு மாதமாகியும் வலி போகவில்லை. ரவிக்கை உரசினாலே அம்மா முகம் சுளிக்கிறார். முன்னமே மாத்திரை தொடங்கியிருந்தால் இந்த வலி வந்தே இருக்காது என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்கிறார் டாக்டர். இருந்தாலும், அந்த நான்கு நாளை நான் எண்ணாத இரவு இல்லை.

எனக்கும் சின்ன வயதில் அம்மை போட்டிருக்கிறது. ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு இரண்டு ஊசிகளாகத் தடுப்பூசி இருக்கிறது. முதல் ஊசியைப் போன வாரம் போட்டுக்கொண்டேன். உங்கள் வீட்டில் வயதானவர் யாராவது உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும் எரிகிறது என்றால், சட்டையை விலக்கித் தினமும் பாருங்கள். கொப்புளம் தெரிந்தால் அன்றைக்கே கிளினிக்குக்குப் போங்கள். காவி எழுதுவதாக இருந்தால், வந்த பிறகு எழுதிக்கொள்ளலாம்.