"உங்க பொம்பளைங்க எல்லாம் வேலைக்குப் போறவங்கதானே?"

போன மாதம் மாணவர்களுக்கான ஒரு பயிற்சி முகாமில் ஒரு தங்கை எழுந்து கேட்டாள்: "அண்ணா, எங்க அப்பா வேலைக்கே போறதில்ல. அம்மாவுக்கும் இப்ப வேலை இல்ல. விவாகரத்து கேஸ் நடக்குது. அம்மா ஜீவனாம்சம் கேக்க முடியுமா?"

முடியும் என்று சட்டத்தைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். என் வீட்டுக் கதையைச் சொல்லவில்லை. அங்கே சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

2018. நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. அம்மா ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் பதினான்கு வருடம் பசை ஒட்டும் வேலை பார்த்தவர். அந்த நெடியில் மூச்சிரைப்பு வந்து வேலையை விட்டார். அப்பா பெயிண்டர், நல்ல வேலைக்காரர். ஏப்ரல் 14 கூட்டங்களில் மேடையேறிப் பேசுகிறவரும்கூட. அவர் அம்மாவை அடிப்பது தெருவுக்கே தெரியும். மேடையில் இருந்தவர்கள் தெரியாததுபோல் இருந்தார்கள்.

ஒருநாள் அம்மா, பன்னிரண்டு வயது தங்கையைக் கூட்டிக்கொண்டு மாமா வீட்டுக்கு வந்துவிட்டார். அப்பா விவாகரத்து மனு போட்டார். அம்மா தனக்கும் தங்கைக்கும் ஜீவனாம்சம் கேட்டு மனு போட்டார். நான் மேஜர் என்பதால் எனக்குக் கேட்கவில்லை.

அப்பாவின் பதில் மனுவில் இருந்தது இவ்வளவுதான்: எனக்கு வேலை இல்லை, வருமானம் இல்லை.

அன்று நீதிமன்ற வராண்டாவில் அப்பாவின் வக்கீல் அம்மாவிடம் சிரித்துக்கொண்டே கேட்டார்: "உங்க பொம்பளைங்க எல்லாம் வேலைக்குப் போறவங்கதானேம்மா? உங்களுக்கு எதுக்கு ஜீவனாம்சம்?"

அம்மா ஒன்றும் பேசவில்லை. பஸ்ஸில் வரும்போது, "நான் உழைச்சதே எனக்கு எதிரா நிக்குது பாருடா" என்றார்.

தோழர்களே, அந்தக் கேள்வியை நான் இன்றுவரை மறக்கவில்லை. ஜீவனாம்சம் என்றதும் இவர்கள் மனதில் வருவது வீட்டைத் தாண்டாத, கணவன் சம்பளத்தில் வாழ்ந்த ஒரு பெண். வயலிலும் சூளையிலும் கம்பெனியிலும் வேலை பார்த்த நம் அம்மாக்கள் அந்தப் படத்துக்குள் வருவதில்லை. 'இவளுக்குத்தான் கை கால் இருக்கிறதே' என்பார்கள். அதே கை காலுள்ள ஆண் வேலை இல்லை என்றால் மட்டும் நம்பிவிட வேண்டுமாம்.

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. சம்பாதிக்கும் திறன் இருப்பது வேறு, உண்மையில் சம்பாதிப்பது வேறு. திறன் இருப்பதை மட்டும் காரணம் காட்டி மனைவியின் தொகையைக் குறைக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2017இல் ஒரு வழக்கில் சொன்னது. உடல் வலுவுள்ள கணவன் கூலி வேலை செய்தாவது மனைவியையும் பிள்ளைகளையும் காப்பாற்றக் கடமைப்பட்டவன் என்று 2022இல் அஞ்சு கர்க் வழக்கில் சொன்னது.

ஆனால் 2018இல் எங்களுக்கு இருந்த சிக்கல் சாட்சி. பெயிண்டருக்குச் சம்பளச் சீட்டு கிடையாது. சனிக்கிழமை கையில் வாங்கும் காசுக்கு எந்த ரசீதும் இல்லை. இலவச சட்ட உதவியில் கிடைத்த வக்கீல் அம்மா கேட்டார்: "அவர் வேலை பார்க்கிறது யாருக்குத் தெரியும்?"

எனக்குத் தெரியும். லீவு நாளில் அவருடன் போய் உப்புத்தாள் தேய்த்தவன் நான்.

அதற்குள் ஊர்ப் பெரியவர்கள் வந்தார்கள். "நம்ம வீட்டு விஷயத்த கோர்ட்டுக்குக் கொண்டுபோனா மத்தவன் சிரிப்பான். இயக்கத்துக்குத்தான் கெட்ட பேரு" என்றார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அம்மாவிடம் நானும் அதையே சொன்னேன். மனுவை வாபஸ் வாங்கிடும்மா என்றேன். அம்மா கேட்டார்: "நான் என்ன பிச்சையா கேக்கறேன்? இருபது வருஷக் கணக்கு கேக்கறேன்."

கூண்டில் ஏறினேன். எந்தெந்த வீட்டுக்கு அப்பா பெயிண்ட் அடித்தார், ஒரு நாள் கூலி எவ்வளவு என்று சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. அம்மாவுக்கு மாதம் நாலாயிரம், தங்கைக்கு மூவாயிரம் என்று உத்தரவானது. ஐந்து மாதம் கட்டவில்லை. அம்மா மறுபடியும் மனு போட்டார். வாரண்ட் வந்த பிறகு பணம் வந்தது. வேலை இல்லாத மனிதருக்கு எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை.

முகாமில் கேட்ட தங்கைக்கும் மற்றவர்களுக்கும் சில விஷயங்கள்:

பழைய 125ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 144ஆம் பிரிவு. எல்லா மதத்தினருக்கும் பொருந்தும். விவாகரத்தான பெண்ணும் மறுமணம் செய்யாதவரை கேட்கலாம்.

2020இல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கின் தீர்ப்புப்படி இரு தரப்பும் சொத்து, வருமான விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும். மனு போட்ட நாளிலிருந்தே தொகை கணக்காகும்.

கட்டாமல் விட்டால் ஒவ்வொரு மாத பாக்கிக்கும் ஒரு மாதம் வரை சிறை உண்டு. அந்தப் பாக்கி விழுந்த ஒரு வருடத்துக்குள் மனு போட்டுவிடுங்கள்.

பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு இல்லாமல் இலவச வக்கீல் உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள்.

இந்து திருமணச் சட்டத்தின் 24ஆம் பிரிவில் வருமானமில்லாத கணவனும் மனைவியிடம் கேட்கலாம். உண்மையிலேயே முடியாதவனுக்கு அந்த வழி இருக்கட்டும். வேலையை மறைப்பவனுக்கு அது இல்லை.

இந்து சட்ட மசோதா நிறைவேறாமல் போனதும் ஒரு முக்கியக் காரணமாக, 1951இல் பாபாசாகேப் அமைச்சர் பதவியை விட்டு வெளியேறினார். என் அப்பா இதை எத்தனையோ மேடைகளில் சொல்லி நானே கைதட்டியிருக்கிறேன்.

அடுத்த முறை உங்கள் தெருவில் ஓர் அம்மா மனு போடும்போது சமாதானம் பேசப் போகாதீர்கள். சாட்சி சொல்லப் போங்கள்.

ஜெய்பீம்.