தொட்டி ஆப்பிளுக்கு ஒரு பருவம்

மாடித்தோட்டத்தில் ஆப்பிள் வைத்திருப்பவர்கள் முதலில் உரத்தைப் பற்றிக் கேட்கிறார்கள், பிறகு தண்ணீரைப் பற்றி. செடி தளதளவென்று நிற்கிறது, ஆனால் ஆண்டுகள் போயும் பூ வரவில்லை. இன்னும் என்ன போடலாம் என்கிறார்கள். எதுவும் போட வேண்டாம் என்பதுதான் என் பதில். தழைச்சத்து கூடக்கூட இலையும் கிளையும்தான் பெருகும், பூ இன்னும் தள்ளிப்போகும். சமவெளியில், அதுவும் தொட்டியில் நிற்கும் ஆப்பிளுக்குக் குறைவது உணவல்ல, பருவம். மற்ற மரங்களுக்கு வானம் கொடுப்பதை இந்த மரத்துக்கு வளர்ப்பவர்தான் கொடுத்தாக வேண்டும். அதை விட்டுவிட்டுச் செய்யும் பராமரிப்பெல்லாம் அழகான இலைச்செடி ஒன்றை வளர்ப்பதில்தான் முடியும்.

காரணம் மரத்தின் பிறப்பிலேயே இருக்கிறது. இன்றைய ஆப்பிளின் மூதாதை கஜகஸ்தானின் தியான் ஷான் மலைச்சரிவுகளில் வளர்ந்த காட்டு மரம். அங்கே குளிர்காலம் நீளமானது, நடுவில் சில நாட்கள் வெயில் தலைகாட்டினாலும் பனி மறுபடி இறங்கிவிடும். அந்த வெயிலை நம்பி மலர்ந்த மொட்டு கருகிப்போகும். அதனால் கோடையிலேயே அடுத்த ஆண்டுக்கான பூமொட்டைக் கட்டிக்கொண்டு, இலையை உதிர்த்து உறங்கும் இந்த மரம், போதுமான குளிரை அனுபவித்து முடிக்கும் வரை எழுவதில்லை. சுழியத்துக்கும் ஏழு டிகிரிக்கும் இடைப்பட்ட குளிரில் கழியும் நேரத்தை மணிக்கணக்கில் கூட்டிப் பார்ப்பது தோட்டக்கலையாளர் வழக்கம். காஷ்மீரிலும் இமாச்சலத்திலும் விளையும் பழைய ரகங்கள் பலவற்றுக்கு 800 முதல் 1,000 மணி நேரமோ அதற்கு மேலுமோ வேண்டும். சென்னையில் ஜனவரி இரவே ஏறக்குறைய 20 டிகிரி. கணக்கு தொடங்கவே தொடங்காது. குளிர் போதாத மரத்தைப் பார்த்தாலே தெரியும்: கிளை நுனியில் மட்டும் கொத்தாக இலை, கீழே நீளமான வெறுங்குச்சி, பூத்தாலும் வாரக்கணக்கில் அங்கொன்றும் இங்கொன்றுமாக. தொட்டி மண்ணில் ஐஸ் கட்டி போடச் சொல்லும் யோசனை ஒன்று உலவுகிறது. குளிரை உணர்வது ஒவ்வொரு மொட்டும் தனித்தனியாக. வேரைக் குளிர்வித்து அதை எழுப்ப முடியாது. ஏசி அறையும் உதவாது. 24 டிகிரி மரத்துக்குக் குளிரே இல்லை, அங்கே வெளிச்சமும் போதாது.

அதற்குத்தானே புதிய ரகங்கள் வந்துவிட்டன என்று கேட்கலாம். வந்திருக்கின்றன, அவை பெரிய சாதனைகளும்கூட. இஸ்ரேலில் உருவான அன்னா, பஹாமாஸ் தீவுகளில் கிடைத்த டார்செட் கோல்டன் இரண்டுக்கும் மிகக் குறைந்த குளிரே போதும். இமாச்சலத்தின் பிலாஸ்பூர் மாவட்டத்தில் ஹரிமன் சர்மா என்ற விவசாயி தேர்ந்தெடுத்த எச்.ஆர்.எம்.என்.-99 நாற்பது டிகிரி தாண்டும் கோடையையும் தாங்கும் என்று பேர் பெற்றது. 2025இல் அவருக்கு பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. ஆனால் விளம்பரத்தைப் படிக்கிறவர்கள் கோடையைத் தாங்குவதையும் குளிர்காலம் இல்லாமலே காய்ப்பதையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். பிலாஸ்பூரின் கோடை நம் கோடை போலச் சுடலாம். அதன் ஜனவரி இரவு நம் ஜனவரி இரவு அல்ல. குறைந்த குளிர் போதும் என்ற ரகத்துக்கும் குளிரே இல்லாத ஊரில் ஏதோ ஒரு மாற்று வேண்டும். ரகம் பாதி வேலையைச் செய்கிறது, மீதிப் பாதி வளர்ப்பவர் கையில் இருக்கிறது. தன் மகரந்தத்தால் அன்னா சரியாகக் காய்ப்பதில்லை என்பதால், அதே சமயம் பூக்கும் டார்செட் கோல்டன் பக்கத்தில் இன்னொரு தொட்டியில் நிற்பது நல்லது. தேனீ வராத மாடியில் மெல்லிய தூரிகையால் மகரந்தத்தை மாற்றிவிடலாம்.

அந்த மீதிப் பாதி என்ன என்பதற்கு நிலநடுக்கோட்டுக்கு அருகிலேயே சாட்சி இருக்கிறது. இந்தோனேசியாவின் கிழக்கு ஜாவாவில் பத்து என்ற மலையூரைச் சுற்றி ஆப்பிள் தோட்டங்கள் உண்டு. அங்கே பனிக்காலம் கிடையாது, இலையுதிர் காலமும் கிடையாது. அறுவடை முடிந்து சில வாரங்களில் தோட்டக்காரர்கள் மரத்தின் இலைகளையெல்லாம் கையாலேயே உருவிவிடுகிறார்கள். மொட்டு ஆழ்ந்த உறக்கத்துக்குள் போவதற்கு முன்னால் ஒரு கட்டம் இருக்கிறது; அப்போது அதை அடக்கி வைத்திருப்பது பக்கத்தில் இருக்கும் இலைதான். அந்த நேரம் பார்த்து இலையை எடுத்தால் மொட்டு உறங்காமலே விழித்துக்கொள்கிறது, சில வாரங்களில் மரம் பூக்கிறது. ஓராண்டில் இரண்டு அறுவடை எடுப்பதும் இப்படித்தான். அப்படியானால் பருவமே தேவையில்லை என்றல்லவா ஆகிறது என்று இதையே எனக்கு எதிராகத் திருப்பலாம். எனக்கு இது நேர்மாறாகத் தெரிகிறது. குளிர் இல்லாத இடத்தில் ஆண்டின் முடிவும் தொடக்கமும் எங்கே என்று ஒருவர் முடிவெடுத்து, ஒரே நாளில் மரம் முழுவதிலும் அதைச் செய்கிறார். விட்டுவிட்டால் அந்த மரமும் நுனியில் மட்டும் தழைத்துக்கொண்டு நிற்கும். வானத்தின் வேலையைக் கை எடுத்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

இந்த வேலை நமக்கும் புதியதல்ல. நவம்பர் கடைசியில் மல்லிகைக்குத் தண்ணீரை நிறுத்தி, குத்தைக் குட்டையாகக் கவாத்து செய்து, மிஞ்சிய இலையையும் உருவிவிடுகிறவர்கள் மார்ச்சில் வரப்போகும் பூவுக்காகவே அதைச் செய்கிறார்கள். தொட்டி ஆப்பிளுக்கும் ஏறக்குறைய அதே முறைதான், கொஞ்சம் பிந்திப் பொருந்தும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, இரவு கொஞ்சமாவது குளிரும் டிசம்பர் பிற்பகுதியில் தண்ணீரைப் பாதியாகக் குறைத்து, இரண்டு மூன்று வாரம் கழித்து இலைகளைக் காம்போடு உருவ வேண்டும், மொட்டு கிள்ளுப்படாமல். நிமிர்ந்து நிற்கும் கிளைகளைக் கயிறு கட்டிப் படுக்கை வாட்டுக்கு இறக்கினால் நுனியின் ஆதிக்கம் குறைந்து பக்க மொட்டுகள் விழிக்கும். பிறகு தண்ணீரையும் எருவையும் பழையபடி தரலாம். உரத்துக்கு உரிய நேரம் இதுதான், முன்னால் அல்ல. வேர் சுற்றிப்போன செடியை எடுத்து வெளிவேரைக் கொஞ்சம் நறுக்கிப் புது மண்ணில் வைப்பதையும் இலையில்லாத அந்த நாட்களிலேயே முடித்துவிடலாம்.

இலையை முழுக்க உருவுவது மரத்தை வதைப்பதாகாதா என்ற தயக்கத்தை நான் மதிக்கிறேன். நட்ட முதல் இரண்டு ஆண்டில், வேர் பிடிக்காத செடிக்கு அது வதைதான், செய்யக்கூடாது. பிறகு அப்படியில்லை, இலை உதிர்ப்பது இந்த மரத்தின் சுபாவம், உதிரவிடாமல் ஆண்டு முழுவதும் பச்சையாகவே வைத்திருப்பதுதான் அதற்கு அந்நியம். சிரமம் உண்மையில் வேரில் இருக்கிறது. மே மாத வெயிலில் கறுப்புத் தொட்டியின் பக்கம் கொதிக்கும், ஓரத்து வேர் வெந்துவிடும். வெளிர் நிறத் தொட்டியோ தடித்த மண் தொட்டியோ வேண்டும். காலை வெயிலும் பிற்பகல் நிழலும் கிடைக்கும் இடம் வேண்டும். மரம் தொட்டிக்கு அடங்குவதும் தொட்டியால் அல்ல, வேர்ச்செடியால். இங்கிலாந்தின் ஈஸ்ட் மாலிங் ஆராய்ச்சி நிலையம் வகைப்படுத்திய எம்-9, அதைவிடக் குட்டையான எம்-27 போன்ற வேர்கள்மீது ஒட்டுக்கட்டியது ஆளுயரத்தை ஒட்டி நிற்கும். தின்ற பழத்தின் விதையை ஊன்றினால் தாயைப் போல இராத ஒரு மரம் பல ஆண்டுக்குப் பிறகு காய்க்கலாம், காய்க்காமலும் போகலாம்.

கொய்யாவும் எலுமிச்சையும் கேட்காமலே காய்க்கும் மாடியில் இத்தனை பாடு எதற்கு என்பது கடைசிக் கேள்வி. பழத்துக்காக என்றால் எனக்குப் பதில் இல்லை; கொய்யாவை வையுங்கள் என்றுதான் சொல்வேன். சென்னையின் மாடியில் கிடைக்கும் சில ஆப்பிள்களுக்குக் கடைப்பழத்தின் நிறமும் மொறுமொறுப்பும் வராமல் போகலாம். இந்த மரத்தை விரும்பியே வைக்கிறவர்கள் நர்சரியில் இரண்டே கேள்வி கேட்டால் போதும்: ரகம் எது, வேர்ச்செடி எது. இரண்டுக்கும் பதில் சொல்லத் தெரியாத இடத்தில் கன்று எவ்வளவு செழிப்பாக நின்றாலும் வாங்காதீர்கள்.