சார்ஜ் ஏறாத வண்டி: கோம்பைக் குறிப்புகள்

கோம்பையில் விடியுமுன்பே ஜீப் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். இங்கிருந்தும் தேவாரம், போடி, கம்பம் பக்கமிருந்தும் இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு வேலையாட்களை ஏற்றிக்கொண்டு வண்டிகள் மலையேறுகின்றன. அந்த நேரத்தில் ஒரு வண்டிக்கு செல்ஃப் எடுக்கவில்லை என்றால், அதில் போகக் காத்திருக்கும் அத்தனை பேருக்கும் அன்றைய கூலி போச்சு. சுற்றி நிற்கும் எல்லாரும் ஒரே தீர்ப்பைத்தான் சொல்வார்கள்: "பேட்டரி போச்சு."

போயிருக்கலாம். எதனால் போனது என்று பார்க்காமல் புதுசு வாங்கி மாட்டினால் அதுவும் சில மாதத்தில் படுத்துவிடும். நான் பார்த்தவரை, பேட்டரி தலையில் விழும் பழியில் பெரும்பகுதி பெல்ட்டுக்கும் எர்த் வயருக்கும் ஆல்டர்நேட்டருக்கும் போய்ச்சேர வேண்டியது.

*

ஒர்க்‌ஷாப் வாசலில் அடிக்கடி காதில் விழும் பேச்சு:

"புது பேட்டரிண்ணே. போட்டு மூணு மாசம்கூட ஆகல. காலைல தள்ளித்தான் எடுத்தோம்."

"சார்ஜ் ஏறுதான்னு பாத்தியாப்பா?"

"லைட்டெல்லாம் நல்லாத்தாண்ணே எரியுது."

லைட் எரிவதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. பாதி காலியான பேட்டரியிலும் லைட் எரியும், ஹாரன் அடிக்கும். செல்ஃப் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும்போதுதான் பேட்டரியின் உண்மையான நிலைமை தெரியும்.

*

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு மல்டிமீட்டர் போதும். டிசி 20 வோல்ட்டில் வைத்து, சிவப்பு முனையை பாசிட்டிவிலும் கறுப்பு முனையை நெகட்டிவிலும் வைத்து மூன்று தடவை பார்க்க வேண்டும்.

முதல் அளவு, வண்டி இரவெல்லாம் நின்ற பிறகு, சாவி போடாமல். 12.6 இருந்தால் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12.4 என்றால் முக்கால். 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே போய்விட்டால் ஏறக்குறைய காலி. ஓடிவந்து நின்ற உடனே பார்த்தால் பொய்யாகக் கூடுதலாகக் காட்டும். அவசரமென்றால் ஹெட்லைட்டை ஓரிரு நிமிடம் போட்டு அணைத்துவிட்டுப் பார்க்கலாம்.

இரண்டாவது, ஒருவர் செல்ஃப் அடிக்கும்போது. அளவு 9.6-க்குக் கீழே விழக்கூடாது. முதல் அளவு 12.6 காட்டிய பேட்டரி செல்ஃப் அடித்ததும் 7, 8 என்று சரிந்தால் உள்ளே ஒரு செல் செத்திருக்கிறது, அல்லது தகடுகள் தேய்ந்துவிட்டன. அதற்கு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் வீண்.

மூன்றாவது, இன்ஜின் ஓடும்போது. லேசாக ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் 13.8-லிருந்து 14.5-க்குள் நிற்க வேண்டும். பிறகு ஹைபீம், வைப்பர், புளோயர் எல்லாவற்றையும் போட்டுவிட்டுப் பாருங்கள். அப்போதும் 13.5-க்குக் கீழே இறங்கக் கூடாது. வண்டி ஓடும்போது 12.3 என்றும், போகப் போக 12.1 என்றும் இறங்கிக்கொண்டே வந்தால் சார்ஜே ஏறவில்லை. 15-ஐத் தாண்டினால் நேர் எதிர்: ரெகுலேட்டர் போய்விட்டது, பேட்டரி கொதிக்கிறது. அழுகிய முட்டை வாடை, அடிக்கடி தண்ணீர் குறைவது, பல்பு மாற்றி மாற்றி ஃபியூஸ் ஆவது எல்லாம் இதன் அடையாளங்கள்.

மூன்றையும் ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டு ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடைக்குப் போனால் பேச்சே வேறு மாதிரி நடக்கும்.

*

இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றிப் பார்ப்பது. "கழட்டினதும் வண்டி நின்னா டைனமோ அவுட்டு" என்று சொல்லி இன்றும் செய்கிறார்கள். வேண்டாம். இதை எத்தனை முறை எழுதினாலும் தகும்.

டைனமோவும் கட்-அவுட்டும் இருந்த பழைய அம்பாசடர் காலத்துப் பழக்கம் இது. அந்த வண்டிகளில் கெட்டுப்போக எலக்ட்ரானிக்ஸ் எதுவும் இல்லை. ஆல்டர்நேட்டர் ஓடும்போது, திமிறி வரும் வோல்டேஜை அடக்கி வைத்திருப்பது பேட்டரிதான். அதைத் திடீரென்று பிடுங்கினால் ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் பல பத்து வோல்ட் எகிறும். டயோடு போகும், ரெகுலேட்டர் போகும், சிஆர்டிஐ டீசல் வண்டியானால் இன்ஜினை ஆட்டிவைக்கும் கம்ப்யூட்டரான ஈசியுவும் போகலாம். மீட்டர் விலை எங்கே, ஈசியு விலை எங்கே.

*

சாவியை ஆன் செய்ததும் டாஷ்போர்டில் பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு எரிய வேண்டும். இன்ஜின் பிடித்ததும் அணைய வேண்டும். பலரும் இரண்டாவதை மட்டும் பார்க்கிறார்கள். சாவி போட்டதும் எரியவே இல்லை என்றால் அதுவும் கோளாறுதான். பழைய வண்டிகள் பலவற்றில் ஆல்டர்நேட்டரின் ரோட்டருக்கு முதல் காந்தசக்தி கொடுக்கும் கரண்ட் அந்த பல்பு வழியாகத்தான் போகிறது. பத்து ரூபாய் பல்பு ஃபியூஸானதால் சார்ஜ் ஏறாமல், ஆல்டர்நேட்டரையே கழற்றிப் பிரித்த கதைகள் உண்டு.

ஓடும்போது விளக்கு மங்கலாக எரிந்துகொண்டே இருந்தால் டயோடு பக்கம் சந்தேகம் வைக்கலாம். மீட்டரை ஏசி வோல்ட்டுக்கு மாற்றி பேட்டரியில் வைத்துப் பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் டயோடு பிளேட் போயிருக்கிறது.

காலையில் வண்டி எடுக்கும் முன் ஆல்டர்நேட்டரைத் தொட்டுப் பார்ப்பது இன்னொரு வழி. இரவெல்லாம் நின்ற வண்டியில் அது மட்டும் வெதுவெதுப்பாக இருந்தால் டயோடு வழியாகக் கரண்ட் கசிந்துகொண்டிருக்கிறது.

*

லோயர் கேம்ப் பவர் ஹவுஸும் பானட்டுக்குள் இருக்கும் ஆல்டர்நேட்டரும் ஒரே தத்துவத்தில் ஓடுகிறவை. 1831-இல் ஃபாரடே கண்டது: கம்பிச் சுருள் பக்கத்தில் காந்தம் சுழன்றால் கரண்ட் பிறக்கும். குமுளி ஏறும்போது தெரியும் பெரிய குழாய்களில் பெரியாற்றுத் தண்ணீர் இறங்கி அங்கே டர்பைனைச் சுற்றுகிறது. இங்கே அந்த வேலையைச் செய்வது ஃபேன் பெல்ட். பிறப்பது ஏசி, பேட்டரிக்கு வேண்டியது டிசி, அதனால்தான் நடுவில் டயோடுகள். சிலிக்கான் டயோடு மலிவான பிறகே ஆல்டர்நேட்டர் காருக்கு வந்தது. 1960-இல் கிரைஸ்லர் நிறுவனம் வேலியன்ட் காரில் போட்டது. அடுத்த வருடம், 1961-இல், சென்னை பாடியில் லூகாஸ் டிவிஎஸ் தொடங்கப்பட்டது. நம் பக்க வண்டிகள் பலவற்றில் ஆல்டர்நேட்டரைத் துடைத்துப் பார்த்தால் அந்தப் பெயர்தான் தெரியும்.

*

ஓடும்போது சார்ஜ் நின்றால் என்ன ஆகும் என்பதை மலைப்பாதைக்காகக் கொஞ்சம் விரிவாக எழுதி வைக்கிறேன்.

பழைய ஜீப்பின் டீசல் இன்ஜின் ஒருமுறை பிடித்துவிட்டால் ஓடுவதற்குக் கரண்ட் ஏறக்குறைய தேவையில்லை. ஆல்டர்நேட்டர் செத்தாலும் வண்டி பாட்டுக்குப் போகும். அதனால்தான் டிரைவருக்குத் தெரிவதில்லை. ஆடி மாதச் சாரலில் வைப்பரும் லைட்டும் போட்டு ஏறும்போது லைட் மங்கும், வைப்பர் சோம்பும், அதன் பிறகே தெரியும். புது வண்டிகள் அப்படி இல்லை. இன்ஜெக்டர், ஈசியு, பெட்ரோல் வண்டியில் ஃபியூயல் பம்ப் எல்லாம் கரண்டில் ஓடுகிறவை. சார்ஜ் நின்றால் பேட்டரியில் இருப்பதுதான் கையிருப்பு.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஹெட்லைட் இரண்டும் 55 வாட் என்றால் 110 வாட், சுமார் 9 ஆம்பியர். வைப்பர், புளோயர், இன்ஜின் சமாசாரங்கள் எல்லாம் சேர்ந்து மொத்தம் 25, 30 ஆம்பியர் ஆகிவிடும். சின்ன பெட்ரோல் காரின் 35 ஏஎச் (ஆம்பியர்-மணி) பேட்டரியில் நம்பிச் செலவழிக்கக் கூடியது பாதி. அரை மணி நேரம், மிஞ்சினால் நாற்பது நிமிடம். போடிமெட்டின் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளில் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் அந்த நேரம் போதாது.

சிவப்பு விளக்கு மட்டும் எரிந்தால் ஏசி, புளோயர், பாட்டு எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, இன்ஜினை நிறுத்தாமல் ஒர்க்‌ஷாப் இருக்கும் ஊர்வரை ஓட்டிவிடலாம். நிறுத்தினால் மறுபடி செல்ஃப் எடுக்காது.

விளக்கோடு டெம்பரேச்சர் முள்ளும் ஏறினால் கதை வேறு. பெல்ட் அறுந்திருக்கிறது. பல இன்ஜின்களில் வாட்டர் பம்பைச் சுற்றுவதும் அதே பெல்ட்தான். ஓரத்தில் நிறுத்தி இன்ஜினை உடனே அணைக்க வேண்டும். பொலேரோ, சுமோ மாதிரி டீசல் வண்டிகள் பலவற்றில் ஆல்டர்நேட்டரின் பின்பக்கத்திலேயே வேக்கூம் பம்ப் இருக்கிறது. பெல்ட் அறுந்தால் அதுவும் நிற்கும். ஓரிரு மிதிக்குப் பிறகு பிரேக் கல்லாகிவிடும். பிரேக் இல்லாமல் போய்விடாது, ஆனால் முழு பலத்தோடு மிதிக்க வேண்டியிருக்கும். இறக்கத்தில், ஆள் நிறைந்த வண்டியில், இது உயிர்ப் பிரச்சினை. கியரைக் குறைத்து வேகத்தை அடக்கி, பிரேக்கை விட்டுவிட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்தி நிறுத்துங்கள்.

அதனால் பெல்ட்டில் வெடிப்பு, பளபளப்பு, பிசிறு தெரிந்தால் "இன்னும் கொஞ்சம் ஓடும்" என்று விடக்கூடாது. வி-பெல்ட்டை நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் இறங்க வேண்டும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் கீச்சென்று கத்தினால் தொய்ந்திருக்கிறது. மாற்று பெல்ட் ஒன்றும் அதை மாட்டும் ஸ்பேனரும் மலைக்குப் போகும் வண்டியில் இருந்தே ஆக வேண்டும்.

*

அதே வேக்கூம் பம்ப்பின் ஆயில் சீல் போனால் ஆயில் ஆல்டர்நேட்டருக்குள் இறங்கும். கார்பன் பிரஷ் ஊறிப்போய் சார்ஜ் விட்டுவிட்டு ஏறும். பிரஷ் மட்டும் மாற்றிக்கொண்டு வந்தால் அடுத்த மழைக்குள் அதே கோளாறு. சீலையும் மாற்றச் சொல்லுங்கள்.

*

எர்த். எலக்ட்ரீஷியன்கள் கடைசியில் தேடுவது, முதலில் தேட வேண்டியது.

இன்ஜின் ஓடும்போது, லைட்டெல்லாம் போட்டுவிட்டு, மீட்டரின் ஒரு முனையை ஆல்டர்நேட்டர் உடம்பிலும் மறு முனையை பேட்டரி நெகட்டிவிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் வழியில் தடை இருக்கிறது. அதேபோல் ஆல்டர்நேட்டரின் பெரிய போல்ட்டுக்கும் பேட்டரி பாசிட்டிவுக்கும் நடுவில் 0.3-க்கு மேல் போகக் கூடாது. ஆல்டர்நேட்டரில் 14.2, பேட்டரியில் 13.1 என்றால் குற்றவாளி வயர்.

டெர்மினலில் பூத்திருக்கும் வெள்ளை, பச்சைப் பொடியைச் சமையல் சோடா கலந்த வெந்நீரில் கழுவி, உரசி, இறுக்கி, மேலே வாசலின் தடவினால் பாதிப் பிரச்சினை தீரும். கழற்றும்போது முதலில் நெகட்டிவ், மாட்டும்போது கடைசியில் நெகட்டிவ்.

*

"செல்ஃப் எடுக்கல" என்பதிலும் சத்தத்தைக் கேட்க வேண்டும். டிக்டிக்டிக் என்று வேகமாக அடித்து லைட் மங்கினால் பேட்டரி அல்லது டெர்மினல். ஒரே ஒரு டக், லைட் மங்கவே இல்லை என்றால் செல்ஃப் மோட்டார் அல்லது சோலனாய்டு.

*

தோப்புவீட்டில் இரண்டு நாள் நிறுத்திய வண்டி எடுக்காது, தினமும் ஓடினால் எடுக்கும். இது கசிவு. நெகட்டிவைக் கழற்றி நடுவில் ஆம்பியர் மீட்டரைக் கோர்த்து, கதவு பூட்டி, புது வண்டிகளில் கம்ப்யூட்டர் தூங்குவதற்கு அரை மணி நேரம் விட்டுப் பார்த்தால் 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். கூடினால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எதில் குறைகிறது என்று பார்க்கலாம். மீட்டர் கோர்த்திருக்கும்போது செல்ஃப் மட்டும் அடிக்கக் கூடாது. பெரும்பாலும் அகப்படுவது பின்னால் மாட்டிய ஆம்ப்ளிஃபயர், ஜிபிஎஸ் கருவி, எலி கடித்த வயர்.

*

தண்ணீர் ஊற்றும் பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே. போர்த் தண்ணீரின் உப்பு தகடுகளைத் தின்றுவிடும். ஆசிட் ஊற்றி "பவர் ஏத்துவது" பேட்டரியைக் கொல்வதற்குச் சமம். ஹைட்ரோமீட்டரில் ஆறு செல்லும் ஒரே மாதிரி, நம் வெக்கைக்கு 1240, 1250 பக்கம் காட்ட வேண்டும். ஒரு செல் மட்டும் 50 புள்ளி கீழே நின்றால் அந்த பேட்டரியை நம்பி மலையேறாதீர்கள்.

முழுக்கக் காலியான பேட்டரியை மாட்டிக்கொண்டு "ஓடினா ஏறிடும்" என்று புறப்படுவதும் தவறு. ஆல்டர்நேட்டர் சூடாகிக் கருகலாம். கடையில் சார்ஜரில் போட்டு, 35 ஏஎச்-க்கு மூன்றரை ஆம்பியர் கணக்கில், பத்து மணி நேரம் மெதுவாக ஏற்றுவதுதான் முறை.

*

புது கார்க்காரர்களுக்கு ஒன்று. மாருதி 2015-இல் சியாஸில் கொண்டுவந்த எஸ்எச்விஎஸ் (ஸ்மார்ட் ஹைபிரிட்) மாதிரியான அமைப்புகளில் ஆல்டர்நேட்டரை ஈசியு ஆட்டிவைக்கிறது. பேட்டரி நிறைந்திருந்தால் வோல்டேஜை 12.8-க்கு இறக்கும், பிரேக் பிடிக்கும்போது ஏற்றும். அதைப் பார்த்து ஆல்டர்நேட்டர் போச்சு என்று மாற்றிவிடக் கூடாது. அந்த வண்டிகளுக்கு ஸ்கேனர் வேண்டும்.

*

தென்மேற்குப் பருவமழை தொடங்குமுன் மூன்று அளவையும் பார்த்துவிடுங்கள். ஆள் ஏற்றும் ஜீப் ஓட்டுகிறவர்கள் மாதம் ஒருமுறை பாருங்கள். பேட்டரி கடையில் பழசை எடைக்குப் போடும் முன், "லோடு டெஸ்ட் போட்டுக் காட்டுங்க, வண்டி ஓடும்போது எவ்வளவு சார்ஜ் ஏறுதுன்னு மீட்டர் வச்சுச் சொல்லுங்க" என்று கேளுங்கள். கேட்டால் காட்டுவார்கள். காட்ட மறுக்கும் கடையில் பேட்டரி வாங்காதீர்கள்.