இரு மகிழுந்துகள், இரு இருக்கைகள்

நமது திருவள்ளூர் மண்ணில் 1998ஆம் ஆண்டு முதல் லான்சர் மகிழுந்து உருவாகி வெளிவந்தது. அதனைத் தயாரித்த இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனமே வங்கத்து உத்தரபாராவில் 2014 வரை அம்பாசிடரையும் தயாரித்து வந்தது. ஓரில்லத்துப் பிள்ளைகளாயினும் இவ்விரண்டும் அமரும் வகையில் பெரிதும் வேறுபட்டன.

நாம் இரண்டிலும் பயணம் செய்திருக்கிறோம். லான்சரின் தனித்தனி முன்னிருக்கைகள் முதுகை இருபுறமும் அணைத்துத் தாங்கின. அம்பாசிடரிலோ பின்சக்கரங்களைச் சுழற்றும் நீண்ட தண்டின் பொருட்டுத் தரையின் நடுவே மேடு எழுந்து, பின்னிருக்கையில் இடையே அமர்வோரின் கால்களை இடறியது. லான்சரை முன்சக்கரங்களே இழுத்துச் சென்றமையால் அத்தண்டிற்கு அங்கு வேலையில்லை. எனினும், உயரத்தில் அம்பாசிடர் ஏறத்தாழ 6 அங்குலம் மிகுதி. பழைய வண்டிகளில் கியர்த் தண்டு ஸ்டியரிங்கை ஒட்டியே இருந்தமையால், முன்னே நீள் இருக்கை அமைந்தது, மூவர் அமரலாம்.

முழங்கால் வலியுற்ற நம் அன்னையார்க்கு லான்சரில் அமர்வது பள்ளத்தில் இறங்குவதாயிற்று. எழுவதற்கு இருவர் கைகொடுக்க வேண்டியிருந்தது. அம்பாசிடரிலோ நாற்காலியில் அமர்வதுபோல் அமர்ந்தார்; துணையின்றி எழுந்தார். பிறர் கையை எதிர்பாராது எழுவது முதுமைக்கு எத்துணைப் பெருமிதம்!

ஆதலின், மகிழுந்து வாங்க விழையும் அன்பர்களே, ஓட்டுபவர் மட்டும் அமர்ந்து பார்த்தல் போதாது. இல்லத்து முதியோரையும் உடனழைத்துச் சென்று, ஏறி இறங்கச் செய்து, அவர்தம் முழங்கால்களின் தீர்ப்பையும் கேளுங்கள்.