சித்தூர்க் கிணற்றடிப் பவளமல்லி

கோடையில் பவளமல்லியைப் பார்த்தவர்கள் அதை ஒரு செடியாகவே மதிக்கமாட்டார்கள். இலையெல்லாம் கொட்டி, நாலு பட்டையாகக் குச்சிகள்தான் நிற்கும். சித்தூர் வீட்டுக் கிணற்றடியில் இருந்ததை அப்பா சித்திரை பிறந்தாலே வெட்டிப்போடக் கிளம்புவார்.

"பட்டுப்போச்சும்மா."

"பொறுடா, ஒரு மழை பெய்யட்டும்" என்பாள் பாட்டி, திண்ணையை விட்டு எழுந்திருக்காமலே.

பெய்ததும் கணுவுக்குக் கணு துளிர்த்துவிடும். இலை உப்புத்தாள் மாதிரி சொரசொரக்கும்; நகத்தை அதில் தேய்ப்பது எங்களுக்கு ஒரு விளையாட்டு. சும்மா விட்டால் கூரையைத் தாண்டி மரமாகிவிடும். துளிர்க்குமுன்பே பாட்டி தலையைக் கழித்து ஆள் உயரத்துக்குள் அடக்கிவைப்பாள். புதுக்கிளையில்தானே பூ!

ஆவணி தொடங்கினால் இருட்டியதும் மலரும், விடிவதற்குள் கொட்டிவிடும். சாணி மெழுகிய தரையில் தாத்தாவின் பழைய வேட்டியை விரித்துவைப்போம். தரையில் விழுந்த பூ சாமிக்கு ஆகாது என்ற சட்டம் இதற்கு மட்டும் கிடையாது. செடியில் கைவைத்துப் பறித்தால்தான் திட்டு விழும். பக்கத்து வீட்டுத் தெலுங்கு அத்தையும் தட்டோடு வந்துவிடுவாள். அவளுக்கு அது பாரிஜாதம்.

வெயில் ஏறினால் வெள்ளை இதழ் சுருண்டு பழுத்துப்போகும். காம்பின் ஆரஞ்சு மட்டும் போகாது. பூஜை முடிந்த பூக்களிலிருந்து காம்பை ஒவ்வொன்றாகக் கிள்ளி, முறத்தில் காயவைத்து, கொதிக்கவிட்டுச் சாறெடுப்பாள் பாட்டி. பூஜையறைக் கிருஷ்ணனின் வஸ்திரத்துக்கு அதுதான் சாயம். நாலு துவைப்புக்கு மேல் நிற்காது. அதற்குள் அடுத்த முறம் காய்ந்திருக்கும்.

திருமலைக்குப் போகும் நாளில் மட்டும் அம்மா கீழேயே தலைப்பூவை எடுத்துவிடுவாள். ராமானுஜர் சொல்லி அனந்தாழ்வான் நந்தவனம் போட்ட மலை. அங்கே பூவெல்லாம் பெருமாளுக்கே. சாத்திக் கழித்த மாலைகளைக்கூட யாருக்கும் கொடுக்காமல் பூக்கிணற்றில்தான் போட்டுவந்தார்கள்.

சித்தூர் வீடு கைமாறி, கிணறு தூர்ந்து, செடி இருந்த இடத்தில் இப்போது கார் நிற்கிறது. திருப்பதியில் என் மாடித் தொட்டியிலும் ஒரு பவளமல்லி உண்டு, பூக்கவும் பூக்கிறது. நான் எழுந்திருப்பதற்குள் வேலைக்கு வரும் அக்கா பெருக்கித் தள்ளிவிடுகிறார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, டைல்ஸில் விழுந்தால் எதுவுமே குப்பைதான்.

2021 செப்டம்பரிலிருந்து தேவஸ்தானம் கழித்த பூக்களைக் கொண்டு ஊதுபத்தி செய்து விற்கிறது. வாங்கி ஏற்றினேன். வாசனைக்குக் குறையில்லை. பாட்டியாக இருந்தால், "அத்தனை பூவின் காம்பையும் என்னடா செய்தார்கள்?" என்று கேட்டிருப்பாள்.